மீல் மேக்கரும் சைவ மேன்மையும்

மாமிசத்துக்குப் பதிலாக, மாமிசம் போலவே தோன்றும்படி தாவரங்களிலிருந்து செய்யப்பட்ட ஆகாரத்தை நாள்தோறும் சாப்பிடலாமா, அது சரீரத்துக்கு நல்லதா என்கின்ற கேள்வி இப்போது பட்டணத்தோடு நிற்கவில்லை. மீல் மேக்கர் என்னும் சோயா உருண்டை மளிகைக் கடைச் சரக்காகிவிட்டபடியால், ஜவ்வாது மலைக் குடியானவருக்கும் இது தம் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்விதான்.

இதற்குப் பதில் சொல்ல இரண்டு கூட்டத்தார் முன்வருகிறார்கள். ஒரு கூட்டம், "மாமிசம் தாமச குணம் தரும், சோயா சாத்வீகம், ஆதலால் அதுவே மேலானது" என்கின்றது. மற்றொரு கூட்டம், "சோயா தின்றால் ஆண்மை போய்விடும்" என்கின்றது. இந்த இரண்டும் ஒரே ஜாதிப் பேச்சுத்தான். குணத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? ஆண்மைக்குரிய சுரப்பு குறைந்ததை யார் அளந்தார்கள்? அளந்து பார்த்த வைத்தியர்களோ, பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, சோயாவால் ஆண்களின் சுரப்பில் மாறுதல் இல்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

இனி அந்த உருண்டை என்ன என்று பார்ப்போம். சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் யந்திரத்தின் வழியே தள்ளினால் நார் நாராக உப்பி வெளிவருகின்றது. அமெரிக்காவில் ஏ.டி.எம். கம்பெனி 1960-களில் பெருக்கிய முறை இது. இதில் தெய்வீகமும் இல்லை, விஷமும் இல்லை. உலர்ந்த உருண்டை 100 கிராமில் ஏறக்குறையப் பாதி புரதம். ஆனால் ஊறவைத்தால் அது மூன்று பங்கு கனமாகிவிடும். ஆகவே தட்டில் விழும் 100 கிராமில் இருப்பது 15 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் சொன்ன கணக்கு. அதில் ஒரு பகுதியை இந்த உருண்டை மலிவாகத் தரும் என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகின்றவர்கள் மாத்திரம் மாத்திரையையும் சோயாவையும் ஒரே வேளையில் சேர்க்காதிருப்பது நல்லது.

ஆனால் மாமிசம் போல இருப்பதெல்லாம் மாமிசத்தின் சத்தைத் தருமா? தராது. பிஞ்சுப் பலாவை மசாலாவில் வேகவைத்தால் ஆட்டுக்கறி தோற்றுப் போகும் என்பார்கள். நாக்குக்குச் சரி. அதில் புரதமோ 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராமுக்கு மேல் இல்லை. காளானும் அப்படியே. ருசியைக் கண்டு சத்து என்று நம்புவது, காவியைக் கண்டு ஞானம் என்று நம்புவது போலத்தான்.

நிற்க, பெரிய பட்டணங்களில் பெட்டியில் அடைத்து விற்கும் போலிக் கறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2020-இல் வெளியிட்ட சோதனையில், 36 பேர் எட்டு வாரம் மாமிசமும் எட்டு வாரம் போலிக் கறியும் தின்றார்கள். போலிக் கறி தின்ற காலத்தில் கெட்ட கொழுப்புக் குறைந்தது. இது உண்மைதான். ஆனால் அச்சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்தப் போலிக் கறியைச் செய்யும் கம்பெனி என்பதையும், ஆட்கள் 36 பேரே என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இப்பண்டங்கள் பலவற்றில் உப்பு அதிகம். சிலவற்றில் தேங்காய் எண்ணெயும் சேர்கின்றது. கொழுத்த மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் தினம் மூன்று வேளை தின்று நெஞ்சு வலி கண்டவனுக்கு இது ஒரு மருந்தாகலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கறி காணும் மலைவாசிக்கு எதை விட்டுவிடச் சொல்லி இந்த மருந்தைக் கொடுப்பது?

இங்கேதான் விஷயம் இருக்கின்றது. பி12 என்னும் வைட்டமின் தாவர ஆகாரத்தில் இல்லை. தனியாகச் சேர்த்தாலொழிய சோயாவிலும் இல்லை. முட்டை, பால், மீன், மாமிசத்திலேதான் உண்டு. அது குறைந்தால் சோகையும், கைகால் மரப்பும், ஞாபகக் குறைவும் வரும். இரும்புச் சத்தோ, மாமிசத்திலிருந்து சரீரத்தில் சேருவது போலத் தானியத்திலிருந்தும் சோயாவிலிருந்தும் எளிதில் சேருவதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சோகையுள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுகின்றது. இந்த நாட்டில் இரத்தம் இல்லாத பெண்ணைப் பார்த்து, "கறியை விடு, உருண்டையைத் தின்" என்று உபதேசிப்பது வைத்தியமா, மதப் பிரசாரமா?

நமது மாகாணத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகின்றவர்கள் என்று 2014-ஆம் வருஷத்து சர்க்கார் கணக்கு காட்டியது. அப்படியிருந்தும் ஓட்டல் பலகையில் "உயர்தர சைவம்" என்று எழுதுகிறோமே, மற்றது தாழ்தரம் என்று யார் தீர்ப்பளித்தார்கள்? மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை முதல் மந்திரியே மறுத்துவிட்டார். பழங்குடிக் குழந்தைகள் மெலிந்து கிடக்கும் மாகாணம் அது. சிலருடைய ஆசாரத்துக்காக ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து சத்து எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1989-இலேயே சத்துணவில் முட்டை வந்தது. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யாரையும் வற்புறுத்தவுமில்லை, யாரிடமிருந்தும் பிடுங்கவுமில்லை. அதுவன்றோ நியாயம்!

ஜவ்வாது மலை மக்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் நிலத்துச் சாமையில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் இருக்கின்றது. அதில் குறைந்த லைசின் என்னும் சத்தைக் கொள்ளும் அவரையும் மொச்சையும் ஈடு செய்கின்றன. கொள்ளில் மாத்திரம் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கம்பெனி முத்திரை இல்லாத காரணத்தால் தாழ்ந்த ஆகாரம் ஆகிவிடாது. மீல் மேக்கரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பில் சேரட்டும். பருப்பு வாங்க முடியாத நாளில் அது நல்ல துணை. ஆனால் முட்டைக்கும் கறிக்கும் அது முழுப் பதில் அல்ல. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் முட்டையை உங்கள் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுக்கும்படி விடாதீர்கள்.

ஒருவர் உயிரிடத்தில் இரக்கத்தினால் மாமிசத்தை விட்டால் அது அவர் இஷ்டம். அவர் பாலோ பி12 மாத்திரையோ சேர்த்துக் கொண்டு சுகமாய் வாழலாம். ஆனால் மேல்ஜாதியாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஒருவர் கறிச் சட்டியைக் கவிழ்த்தால், அவர் இழப்பது இரத்தத்தை; அடைவது ஒன்றுமில்லை. ஆகாரத்தைச் சத்தால் நிறுத்துப் பாருங்கள், சாஸ்திரத்தால் அல்ல.