தமிழின் வழியே ஆங்கிலம்

ஆங்கிலம் நமக்குப் பகை மொழியன்று. 1956 ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் ஒரு மொழியின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியையே நாம் எதிர்த்தோம். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பு நம் திருமலை மாவட்டத்துக் கமக்காரரின் மகனுக்கும் மீனவரின் மகளுக்கும் எட்டியதா? இதுவே நம் கேள்வி.

நீதித்துறையை எடுத்துக்கொள்வோம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நீதிமன்ற மொழி. திருகோணமலையில் காணி வழக்காடுபவர் தம் மொழியிலேயே வழக்கைக் கேட்டறியலாம். அவ்வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றம் வரை சென்றுவிட்டாலோ, வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. தம் காணியின் கதியைத் தாமே வாசித்தறிய அவரால் இயலுவதில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வகைசெய்த ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. நியாயமான முடிவே. ஆயின் கதவு அடைபடாமல் தடுத்ததனால் மட்டும் உள்ளே புகுந்தவராவோமா?

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வருமுன் ஆங்கிலப் பாடசாலை காசுள்ளவருக்கு. தாய்மொழிப் பாடசாலை ஏழைக்கு. அந்த வேலி இன்று தனியார் வகுப்பு என்றும் சர்வதேசப் பாடசாலை என்றும் வேறு பெயர்களில் மீண்டும் எழுகின்றது. அரசாங்கப் பாடசாலையிலும் மூன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலம் ஒரு பாடந்தான். ஆண்டுகள் பல கற்றும் ஒரு கடிதம் எழுதத் தயங்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். குறை பிள்ளையிடம் இல்லை. கரும்பலகையைப் பார்த்தெழுதுவதும் விடைகளை மனனம் செய்வதும் மொழி கற்றல் ஆகா.

“ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே” என்பது மற்றொரு மயக்கம். தாய்மொழியே கல்விக்கு அடித்தளம் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953 இலேயே எடுத்துரைத்தது. கந்தளாய்க் குளத்து நீர் மதகு கடந்து, வாய்க்கால் வழியே வயலுக்கு வருவதைத் தம்பலகாமத்துப் பிள்ளை நன்கறியும். அதை முதலில் தோழரோடு தமிழில் பேசட்டும். பின்னர் அதற்கு வேண்டிய பத்து ஆங்கிலச் சொற்களையும் ஓரிரு வாக்கிய அமைப்புகளையும் ஆசிரியர் தரட்டும். பிள்ளை அவற்றைச் சொல்லிப் பழகிய பின் எழுதட்டும். கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தோணியும் வலையும் பாடமாகட்டும்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வரும். நாம் ‘ப’ என்னும் ஓரெழுத்தால் குறிக்கும் இரண்டு ஒலிகளுக்கு அங்கே இரண்டு எழுத்துகள். இவ்வேற்றுமைகளை ஆசிரியர் தமிழில் விளக்கினால் பிள்ளை தடுமாறும் இடம் தெளிவாகும். பேசும்போது பிழை நேர்ந்தால் அதட்டலாகாது. திருத்தமான வடிவத்தைத் தாமே ஒருமுறை சொல்லிக்காட்டினால் போதும். நகைப்புக்கு அஞ்சிய நா எம்மொழியும் பேசாது.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த சுவாமி விபுலானந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டாரல்லர்.

ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் நாம் கேட்பவை இரண்டு. பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் நகரத்தோடு நின்றுவிடாமல் மூதூர், வெருகல் போன்ற கிராமப் பகுதிகளுக்கும் சமமாக அனுப்பப்படல் வேண்டும். தமிழின் துணைகொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். நகரத்துச் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பொறியியலாளரும் வாரத்தில் ஒரு மணி நேரம் அயற்கிராமப் பாடசாலைக்கு ஈதல் கடன். பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாய்திறந்து கேட்கட்டும்.

தமிழ்பேசும் மக்களின் பிள்ளைகள் தம் உரிமையைத் தமிழில் உணர்ந்து, உலகமறிய ஆங்கிலத்திலும் எடுத்துரைக்கும் நாள் வரவேண்டும். அந்நாளுக்கான விதைப்பை நம் கிராமத்து வகுப்பறைகளில் இன்றே தொடங்குவோம்!