ஒலிநாடா ஓடும் நேரம்

கேசட்டை அவசரப்படுத்த முடியாது. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். அதில் இருப்பதைக் கணினியில் ஏற்றவும் அதே ஒன்றரை மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. ஆயிரம் பாட்டைச் சில நிமிடங்களில் பென் டிரைவுக்கு மாற்றிப் பழகிய கைக்கு இந்த நிதானம் முதலில் பொறுமையைச் சோதிக்கும். எங்கள் வீட்டில் பாட்டும் படமும் கணினியும் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க வழிசெய்து கொடுத்ததே இந்த நிதானம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டேப்பை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறேன். பென்சில், நோட்டு, ரப்பர், அவ்வளவுதான். கும்பகோணத்துக்காரனுக்கு வரைவதற்கு என்ன குறை? மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கும் 16 மண்டபங்களே ஒரு வருடத்துக்குக் காணும். வரைவதைக் கணினியில் செய்யலாமே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பதிவு ஓடும்போது அந்தக் கணினியில் வேறு எதையும் திறப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வயதான இயந்திரம், கூடவே இன்னொரு வேலையைக் கொடுத்தால் பதிவில் நடுநடுவே துண்டு விழும். அதனால் ஒன்றரை மணி நேரம் காதுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. கண் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை.

அப்பா விட்டுப்போன கேசட்டுகள் அவை. எண்பதுகளில் திருச்சி வானொலியில் இரவுக் கச்சேரி என்றால் ரெக்கார்டரை வானொலிப் பெட்டியோடு இணைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அட்டையில் பாடியவர், ராகம், பக்கவாத்தியம், தேதி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் மட்டும் ‘வீடு’ என்று ஒரே ஒரு சொல். அத்தை பாடிய தாலாட்டு, பாட்டு வாத்தியார் வர்ணம் சொல்லிக்கொடுத்த பாடம், திருவிழாவில் தெரு முனையில் வாசித்த நாகஸ்வரம் எல்லாம் அவற்றுக்குள் இருக்கின்றன. எதை முதலில் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு அந்த அட்டைகளே பதில் சொல்லிவிட்டன. கடையில் வாங்கிய கேசட்டை ஒதுக்கி வையுங்கள். அந்த இசை உலகில் வேறெங்கோ பத்திரமாக இருக்கும். ‘வீடு’ என்று எழுதியது இங்கே மட்டும்தான் இருக்கிறது.

பழைய டேப் டெக் ஓடத்தான் செய்தது, ஆனால் சுதி கீழே கிடந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வானொலி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். மூடியைக் கழற்றியதுமே சொல்லிவிட்டார்.

“பெல்ட்டு சார். தொட்டுப் பாருங்க, தொளதொளன்னு கெடக்கு.”

“ஹெட்டு தேஞ்சிருக்குமோன்னு நெனச்சேன் பாய்.”

“ஹெட்டு தேஞ்சா சத்தம் மங்கும். சுதி எறங்குனா அது பெல்ட்டு, இல்லேன்னா மோட்டாரு. ஹெட்டு மேல பழி போடாதீங்க.”

கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அந்த வேகம் ஆறு விழுக்காடு குறைந்தால் சுதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். இரண்டு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே பழகும் பிள்ளைக்கு அது பெரிய தீங்கு. பெல்ட்டை மாற்றி, மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வேகத்தைச் சரிசெய்து கொடுத்தார் பாய். ஒரே கச்சேரி கேசட்டாகவும் குறுந்தகடாகவும் கைவசம் இருந்தால் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிடலாம். அப்பா பதிவுசெய்த ரெக்கார்டரே அன்றைக்கு மெதுவாகவோ விரைவாகவோ ஓடியிருக்கவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க, பாடியவர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே இசை ஞானமும் இயந்திர ஞானமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால், கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, அது ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். ஹெட்டின் ஓரத்துத் திருகை மயிரிழை திருப்பினால் மங்கிய குரல் பளிச்சென்று தெளியும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சி தெரியும். டெக்கின் வெளியீட்டு வயரைக் கணினியின் மைக் துளையில் சொருகாதீர்கள், ஒலி கரகரக்கும். லைன்-இன் துளை வேண்டும். இல்லையென்றால் வெளியில் சொருகும் சின்ன சவுண்ட் கார்டு போதும்.

பதிவுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2000-இல் வெளியானது, அன்று முதல் இன்றுவரை இலவசம். குறுந்தகட்டின் தரமான 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 10 எம்பிக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு சி-90 ஏறக்குறைய 950 எம்பி. ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் ஒலியில் அணுவும் குறையாமல் அளவு பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். எம்பி3 கைபேசியில் கேட்க மட்டும். மூலமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது, அளவைக் குறைப்பதற்காக ஒலியின் ஒரு பகுதியை அது நிரந்தரமாக எறிந்துவிடுகிறது.

இரைச்சலை நீக்கும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. அதைக் கை நடுங்கிக்கொண்டேதான் தொட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்; தம்புராவின் மேல் நாதம் முதலில் காணாமல் போகும். அத்தையின் தாலாட்டுக்குப் பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுகிறது, சமையலறையில் யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள். அதெல்லாம் இரைச்சல் என்று கணினிதான் நினைக்கும். நான் ஒன்றையும் நீக்கவில்லை.

இனி கணினியின் பாடு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியில் அவை இல்லை. நன்றாக ஓடும் பெட்டியைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது; நீங்களும் போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் நிறுவினோம். அதுவும் இலவசம், ஆடாசிட்டி அதிலும் ஓடும். விசிறியில் அடைந்த தூசியை ஊதி எடுத்த பிறகு, தாலாட்டு ஓடும்போது கணினியின் சத்தம் காதில் விழுவதில்லை. அரை நொடி மின்சாரம் போய் வந்தாலும் ஒன்றரை மணி நேரப் பதிவு வீணாகலாம் என்பதால் ஒரு யுபிஎஸ்ஸும் அவசியம்.

இதற்கெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. அப்டேட், தூசி, நகல் எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாளில் ஒழுங்காக ஓடுகிற எதையும் தொடுவதில்லை. இந்த வரம்பு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். பாட்டோ வயலினோ பழகுகிறவர்கள் பலர் புது மைக், புது மென்பொருள், புது அமைப்பு என்று மாலைகளைக் கரைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லத் தோன்றவில்லை. கணினியைச் சரிசெய்தால் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியும். சாதகம் அப்படி இல்லை. இன்றைக்கு ஒரு மணி நேரம் சரளி வரிசை பாடினால் நாளைக்கு என்ன கூடியது என்று யாராலும் காட்ட முடியாது. மனம் முடிவு தெரியும் வேலையை நோக்கி ஓடுவது இயல்பு. அதனால்தான் சாதகம் காலையில், இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னால். தம்புராவைக்கூட அந்த நேரத்தில் கைபேசியில் வைப்பதில்லை. சின்ன எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிதான். கைபேசியை எடுத்தால் பாட்டு நின்றுபோகும்.

நகல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கேசட் சாகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஓரிடத்தில் நாடா கசங்கினால் அந்த இடம் போகும், மிச்சம் பாடும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த இரக்கம் கிடையாது, போனால் பெரும்பாலும் மொத்தமும் போகும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 என்ற விதியைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் ஒரு பென் டிரைவ். தீபாவளிக்கு வரும்போது தங்கை அதைக் கொண்டுவருவாள், புதியதை ஏற்றிக் கொடுத்தனுப்புவோம். அவள் பிள்ளைகள் அந்தத் தாலாட்டைக் கேட்டுத்தான் தூங்குகிறார்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அப்பாவின் அட்டையில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: பாடியவர், ராகம், இடம், தேதி. ‘வீடு’ கேசட்டுகளில்தான் சிக்கல். இது யார் குரல், அது எந்தக் கல்யாணம் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் இப்போது பெரியம்மா ஒருவர்தான் இருக்கிறார். பதிவு முடிந்ததும் அவரைக் கேட்கவைத்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பை கிடக்கும். குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கும்போதே அதைக் கீழே இறக்குங்கள்.