பள்ளிப் பிள்ளைகளும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியாவிட்டால், அதன் தலையில் எழுதியிருப்பதை மாத்திரம் பெற்றோர்கள் வெகு சுலபமாய்ப் படித்துவிடுகிறார்கள். காது மந்தமாயிருந்தால் திமிர் என்று அடி. எழுத்துக் கூட்டிப் படிக்க வராவிட்டால் மக்கு என்று கடைசிப் பலகை. வலிப்பு வந்தாலோ பூசாரிக்குக் கோழி. கண்ணாடியோ, காதுக் கருவியோ, மாத்திரையோ, பழகிய உபாத்தியாயரோ போக்கக்கூடிய அல்லது குறைக்கக்கூடிய கஷ்டத்திற்கு முன் ஜன்மத்தைக் கூப்பிடுவானேன் என்று கேட்டால், நம்மை நாஸ்திகர் என்கிறார்கள்.

பாரிஸ் நகரத்து ஆல்பிரட் பினே என்பவர், எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டறிவதற்காகவே 1905-ல் ஒரு பரீட்சை வகுத்தார். இங்கிலாந்தில் 1907-ல் பள்ளிப் பிள்ளைகளை வைத்தியர் பார்வையிட வேண்டுமென்று சட்டமே செய்தார்கள். நம் சென்னையிலும் 1920-ல், தியாகராயர் தலைமை வகித்த நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட முன்வந்தது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டவர்களுக்கு, கேளாத காதுக்கும் ஏறாது என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டாம்.

நிற்க, இப்போது சட்டத்திற்குக் குறைவில்லை. 2013-ல் ஏற்பட்ட திட்டப்படி, பிறந்தது முதல் 18 வயது வரையில் பிள்ளைகளுக்கு முப்பது வகைக் கோளாறுகள் உண்டா என்று வைத்தியக் குழு பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்திற்கு வருஷம் ஒரு தரம் வர வேண்டும். 2016-ம் வருஷத்துச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லி, படிப்பு வராத கோளாறையும் அதில் சேர்த்திருக்கிறது. 2022-ல் மத்திய சர்க்காரார், ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு உபாத்தியாயர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலோ இவ்வுபாத்தியாயர்களைப் பல வருஷங்களாய்த் தொகுப்பூதியத்தில் வைத்து, ஊர் ஊராய் அலையவிட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். தன் வேலைக்கே உறுதியில்லாதவர் எந்தப் பிள்ளைக்கு உறுதி சொல்லுவார்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களைப் பாருங்கள். ரசாயன ஆலைகளின் நெடியைப் பற்றி இங்குள்ளவர்கள் முறையிடுவது இன்று நேற்றல்ல. 2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மற்ற ஊர்களுக்கு வருஷம் ஒரு பரிசோதனை போதுமென்றே வைத்துக்கொண்டாலும், இங்கே எப்படிப் போதும்? மூன்று மாதத்திற்கொரு தரம் இப்பிள்ளைகளின் மூச்சையும் தோலையும் இரத்தத்தையும் பார்த்து, கண்டதை ஊராருக்கும் சொல்ல வேண்டும் என்கிறோம். செலவுக்குப் பணமில்லை என்றால், ஆலை லாபத்தில் கை வைப்பதே நியாயம்.

அதே வருஷம் ஜூலை 8-ந் தேதி, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். இம்மாதிரி நடந்த பிறகு, மாண்டவரோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளை ராத்திரியில் அலறினால், "பயந்துகொண்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போவது நம்மவர் வழக்கம். பயந்தது வாஸ்தவந்தான். பயந்த மனத்தை வேப்பிலை தொடுமா? அப்பிள்ளையோடு நாள்தோறும் பொறுமையாய்ப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். 14417 என்ற டெலிபோன் நம்பரில் 2018 முதல் மாணவர்களுக்கு யோசனை சொல்லுகிறார்கள். அது நல்லதே, ஆனால் ஏழு வயதுக் குழந்தையா டெலிபோனைத் தேடி எடுத்துப் பேசும்? நாலைந்து பள்ளிக்கு ஒருவராவது நேரில் வர வேண்டாமா?

சர்க்காரை மாத்திரம் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பெண் பிள்ளைக்குக் காது கேளாது என்று சர்டிபிகேட் வாங்கினால் நாளைக்குக் கலியாணம் நின்றுபோகும் என்று, வைத்தியர் வரும் தினத்தில் அவளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் தாய் தகப்பன்மார் நம் இயக்கத் தோழர்களிலும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: எவனோ ஒருவன் என்றைக்கோ வந்து பெண் பார்ப்பதற்காக, இன்றைக்கு அவள் ஒரு சொல்லும் காதில் விழாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? வைத்தியர் வரும் தேதியைத் தலைமை உபாத்தியாயரிடம் கேளுங்கள். அன்றைக்குக் கூலி போனாலும் கூடப் போய் நில்லுங்கள்.