லட்சுமி வீட்டுக்கு வந்தாளாம்!

பெண் பிறந்தால் “லட்சுமி பிறந்தாள்” என்பதும், மருமகள் வாசற்படி மிதித்தால் “லட்சுமி வந்தாள்” என்பதும் நம் மக்களுக்கு வழக்கமாய் இருந்து வருகிறது. அந்த லட்சுமியின் பேரில் ஒரு குழி நிலமாவது எழுதி வைத்தார்களா என்பதே நமது கேள்வி.

செல்வத்துக்கு அதிபதி ஒரு பெண் என்று கும்பிட்ட அதே மதத்தின் மனுதர்மம், எட்டாவது அத்தியாயத்தில், மனைவி, மகன், அடிமை இம்மூவருக்கும் சொத்தில்லை என்கிறது. மகனாவது தகப்பனுக்குப்பின் வாரிசானான். மகள்? பொன் கொடுக்கும் தேவியையே புருஷன் கால் பிடிக்க உட்காரவைத்துச் சிலை செய்த பக்தர்கள், பெற்ற மகளுக்கு என்ன கொடுத்துவிடுவார்கள்?

1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தபின் லட்சுமி படம் வீட்டுக்கு வீடு தொங்கிற்று. பின்னால் வந்த காலண்டர்காரர்கள் அவள் கையிலிருந்து காசு கொட்டுவதாகவும் வரைந்தார்கள். அதன் கீழே விளக்கேற்றியவளோ உப்பு புளிக்குக்கூட புருஷனிடம் கை நீட்டினாள்.

பிறகு கிடைத்த உரிமையும் பூசையால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம் தகப்பன் சுயமாய்ச் சம்பாதித்ததில் மகளுக்குச் சமபங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-லும் (அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு அதுவும் இல்லை), இந்தியா முழுமைக்கும் 2005-லும்தான் வந்தது.

இன்றைக்கும், தங்கையைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் லட்சுமி படத்துக்கு மாலை வாங்கிவரும் அண்ணன்மார் இருக்கிறார்கள். அந்த மாலைக்காசிலும் தங்கையின் பங்கு உண்டு அய்யா!