எழுந்து நின்றால் போதுமா?

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் விடுமுறைக் காலமோ திருவிழாக் காலமோ வந்துவிட்டால், மணல்வெளியே ஆட்டக்களமாகிவிடுகிறது. சடுகுடு என்று நம் பாட்டனார்கள் அழைத்த கபடிக்கும், உதைபந்துக்கும், கிரிக்கெட்டுக்கும் அங்கே இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. குப்பத்துக்குக் குப்பம் கட்சி சேர்ந்து பந்தயம் நடத்துகிறார்கள். ஜயித்தவர்களை ஊரே கொண்டாடுகிறது. இதைக் கண்டு மகிழாதவர் யார்? திடகாத்திரமான யுவர்களும் யுவதிகளும் தேசத்தின் பெருஞ்செல்வம் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் அச்செல்வத்தின் விலைமதிப்பற்ற பாகம் கைகால்களில் இல்லை, மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அதைக் காக்கும் வழியைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

சடுகுடு ஆட்டத்தில் சாதாரணமாக நேரக்கூடிய ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். பாடிப் போன பையனை நால்வர் சேர்ந்து பிடிக்கிறார்கள். விழும்போது அவன் தலை ஒருவனுடைய முழங்காலில் மோதுகிறது. சிறிது நேரம் திருதிருவென்று விழிக்கிறான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து நிற்கிறான். இரத்தமில்லை, வீக்கமில்லை. "ஒன்றுமில்லை, ஆடுடா தம்பி!" என்கிறார்கள் பெரியவர்கள். கூட்டம் கைதட்டுகிறது, பையனும் ஆடுகிறான். இதை வீரம் என்று போற்றுவது நம் வழக்கம். வைத்திய சாஸ்திரமோ இதை வேறு கண்கொண்டு பார்க்கிறது.

மூளையானது மண்டையோட்டுக்குள் ஒருவகைத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற தோணி திடீரென்று மணல்மேட்டில் தட்டி நின்றால், உள்ளே இருப்பவர்கள் முன்பக்கம் சாய்ந்து விழுகிறார்கள் அல்லவா? தலை சட்டென்று நிற்கும்போதும், வேகமாகத் திரும்பும்போதும் மூளைக்கு ஏறக்குறைய அதே கதிதான். அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. இக்குழப்பத்தைச் சரிசெய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படுகிறது. அதே சமயத்தில் அதற்கு வரும் இரத்தமோ குறைந்துவிடுகிறது. செலவு ஏறி வரவு இறங்கிய குடும்பத்தின் நிலைமை இது. இதனையே டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள். நாம் மூளை அதிர்வு என்று சொல்லலாம். எலும்பு முறிவைப் போல இது படத்தில் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் யாவும் சரியாகவே தோன்றும்.

மூர்ச்சை போட்டு விழுந்தால்தான் மூளைக்கு அடி என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. மூளை அதிர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் பிரக்ஞை இழப்பதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் மங்கல், தள்ளாட்டம், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்லுதல், காரணமில்லாத எரிச்சல், நடந்தது மறந்துபோதல் ஆகியவையே அறிகுறிகள். "கடைசியாகப் பாடிப் போனவன் யார்? சென்ற ஆட்டத்தில் நாம் ஜயித்தோமா, தோற்றோமா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் தடுமாறினால் சந்தேகமே வேண்டாம். பதில் சரியாக வந்தாலும், மேற்சொன்ன குறிகளில் ஒன்று காணப்பட்டால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது என்று கொள்வதே முறை.

அறிகுறிகள் உடனே தோன்றாமல் பிந்தி வருவதும் உண்டு. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து தாக்கியது. டாக்டர்கள் சோதித்து, குற்றமில்லை என்று கண்டபின் அவர் மறுபடி வந்து ஆடினார். மறுநாள் காலையிலோ அறிகுறிகள் தோன்றிவிட்டன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். தேர்ந்த டாக்டர்கள் பக்கத்தில் நின்ற மைதானத்திலேயே இப்படியென்றால், மணல்வெளியில் நிற்கும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இதைவிடத் துயரமான உதாரணம் நம் நாட்டு வீரர் ஒருவருடையது. இந்தியாவுக்காக ஆடிய ராமன் லாம்பா 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டாக்கா நகரில் ஒரு கிளப் பந்தயத்தில் மட்டையாளருக்கு மிக அருகில் காவல் நின்றார். மூன்று பந்துகள்தானே மீதி என்று தலைக்கவசம் அணியவில்லை. பந்து தலையில் பட்டது. எழுந்து நடந்தே அறைக்குத் திரும்பினார். பிறகு மண்டைக்குள் இரத்தம் கசிந்து, மூன்றாம் நாள் மாண்டார். எழுந்து நின்றால் போதும், நடந்துவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கைக்கு இதைக் காட்டிலும் கடுமையான மறுப்பு வேண்டுமோ?

ஆகையால் அடிபட்ட பிள்ளையை அன்று முழுவதும் தனியே விடலாகாது. தலைவலி வர வர அதிகமாதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிதல், எழுப்பியும் எழாத மயக்கம், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகிய இவற்றில் எது கண்டாலும் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்தில் வலி என்றாலோ, கைகால் மரத்தது என்றாலோ, நாலுபேர் தூக்கி நிறுத்தாமல், கழுத்து அசையாதபடி கிடத்தியிருக்க வேண்டும். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய நாளிலிருந்து நம் மாகாணம் இத்துறையில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆயினும் பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூரத்திலுள்ள நிபுணரைக் காட்டிலும் களத்தோரம் நிற்பவரின் விவேகமே அங்கே முதல் வைத்தியம்.

"இவ்வளவு அபாயம் எல்லோருக்குமா வருகிறது? நூற்றில் ஒருவருக்காக ஆட்டத்தைக் கெடுப்பதா?" என்று கேட்பார் உண்டு. இரத்தக்கசிவு அபூர்வமே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சாதாரண மூளை அதிர்விலும் ஆட்டத்தைத் தொடர்வதற்குக் கட்டணம் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூளை அதிர்வு கண்ட 69 இளம் ஆட்டக்காரர்களைக் கவனித்து, 2016-ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அடிபட்டவுடன் களத்தை விட்டு விலகியவர்கள் சராசரி 22 நாட்களில் குணமடைந்தார்கள். தொடர்ந்து ஆடியவர்களுக்கோ 44 நாட்கள் பிடித்தன. அரைமணி நேர ஆட்டத்தைக் காப்பாற்றப் போய் மூன்று வாரங்களை இழந்தார்கள் என்பது இதன் பொருள். முதல் அதிர்வு ஆறாத நிலையில் இரண்டாவது அடி பட்டால், அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. அத்தகைய விபத்து பெரும்பாலும் இளம் வயதினருக்கே நேர்ந்திருக்கிறது.

ஏழுபேர் ஆட வேண்டிய கட்சியில் ஒருவன் விலகினால் ஊர்க் கௌரவம் போய்விடுமே என்ற கவலையும் நியாயமானதுதான். அதற்கு விடை மாற்று ஆட்டக்காரன். கபடி விதிகளிலேயே அதற்கு இடமுண்டு. சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டு முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் முழு உரிமையுடன் ஆடலாம். 2020 டிசம்பரில் கான்பெர்ராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டபோது யுஸ்வேந்திர சாஹல் அவருக்குப் பதிலாக இறங்கினார். மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்து ஆட்ட நாயகன் விருதும் பெற்றார். இந்தியாவே வென்றது. விலகியவருக்கும் குறைவில்லை, வந்தவருக்கும் புகழ். குப்பத்துக் கட்சி இரண்டு பையன்களை அதிகமாகச் சேர்த்துக்கொண்டால் இவ்வுபாயம் நமக்கும் எட்டாததல்ல.

இனி வீட்டுப் பராமரிப்பு. அடிபட்டவனை இருட்டறையில் பல நாள் படுக்க வைப்பதே உத்தமம் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் கூறினார்கள். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஐந்து நாட்கள் முழு ஓய்வில் வைக்கப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்ந்திருந்தவர்களைவிட அதிகமாகத் தொல்லைப்பட்டார்கள் என்று தெரிந்தது. 2019-இல் பஃபலோ நகரத்து டாக்டர் ஜான் லெட்டியும் அவர் குழுவினரும் 13 முதல் 18 வயதுள்ள 103 பேரைக் கொண்டு சோதித்தார்கள். அளவான நடை முதலிய இலேசான தேகாப்பியாசம் செய்தவர்கள் 13 நாட்களிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாட்களிலும் தேறினார்கள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர் மாநாடும் இதையே ஏற்றது. முதல் 24 முதல் 48 மணி வரையில் ஓட்டம், பளு, படிப்பு யாவற்றையும் குறைத்து, கைத்தொலைபேசியையும் விலக்கி வைக்க வேண்டும். வீட்டுக்குள் நடமாடத் தடையில்லை. அபாயக் குறிகள் இல்லையென்றால் தூங்க விடலாம். தூக்கம் நல்ல மருந்து. டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரை கொடுக்கலாகாது.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களாகிய நாமும் இதில் ஒரு கடமை உடையவர்கள். தலையில் அடிபட்ட மாணவன் வகுப்புக்குத் திரும்பியதும் கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறுவான், வாசித்த வரியையே மீண்டும் வாசிப்பான், மத்தியானத்துக்குள் களைத்துவிடுவான். கையில் கட்டிருந்தால் எல்லோரும் இரங்குவார்கள். இவனைச் சோம்பேறி என்று ஏசுகிறார்கள். சில நாட்களுக்கு அரைநாள் படிப்பு, இடையிடையே ஓய்வு, பரீட்சைக்குக் கொஞ்சம் தவணை இவ்வளவே அவனுக்கு வேண்டுவது. முழுப் படிப்புக்குத் திரும்பிய பின்னரே பந்தயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது மாநாட்டின் தீர்மானம்.

ஆட்டத்துக்குத் திரும்புவதற்கும் ஆறு படிகள் உண்டு. முதற்படி அன்றாட வேலைகள். பிறகு கரையோர நடையும் மெல்லோட்டமும். மூன்றாவதாக, யாரும் தொடாமல் தனியாக ஆட்டப் பயிற்சி. இதுவரை வந்து, அறிகுறிகளும் மறைந்தபின், டாக்டரின் சம்மதம் பெற வேண்டும். நான்காவது, மோதலில்லாத கூட்டுப் பயிற்சி, ஐந்தாவது, பிடியும் மல்லுக்கட்டும் கூடிய முழுப் பயிற்சி, ஆறாவது பந்தயம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பிற்படிகளில் தொல்லை திரும்பினால் மூன்றாம் படிக்கு இறங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள் பூரண குணம் பெறுகிறார்கள். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் மறுபடி காட்டுவது அவசியம்.

பட்டணத்து நிபுணர்கள் எழுதிய இப்படிகளில் நம் ஏரிக்கரைக்கு இன்னொன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே மாலையில் ஆடுகிற பையன் விடியற்காலையில் தந்தைக்குத் துணையாகத் தோணி ஏறுவதுண்டு. நீர்மேல் கண்கூசும் வெயிலும், தோணியின் ஆட்டமும், வலையின் பாரமும் அதிர்ந்த மூளைக்கு ஆகாதவை. அன்றியும், களத்தில் தலைசுற்றினால் மணலில் விழுவான். தோணியில் தலைசுற்றினால் தண்ணீரில் விழுவான். எனவே தலைசுற்றல் முற்றும் நீங்கி, டாக்டரும் சம்மதிக்கும் வரையில் தோணி கூடாது என்பதை ஏழாவது விதியாக வைக்கலாம். ஒரு நாள் வருமானம் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்நாட்களில் கைகொடுத்தால் அக்குறையும் தீரும்.

இது கைகூடாத கனவன்று. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலைவிரிப்பது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருபவர்கள் பழவேற்காட்டு மீனவர்கள். பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் முறை ஒன்றே என்று வகுத்த ஊர்ப் பெரியவர்களுக்கு, தலையில் அடிபட்டவன் அன்று களத்தை விட்டு விலக வேண்டும் என்று பந்தயத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்வது கஷ்டமாகுமா? பையன் தானாக விலகமாட்டான். கோழை என்பார்களே என்று அஞ்சுவான். ஆகவே ஊரே முந்திக்கொண்டு விதி செய்ய வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், சர்க்கார் உத்தரவும் வேண்டாம். அடுத்த திருவிழாப் பந்தயத்தில், விழுந்து எழுந்த பிள்ளையின் தோளைப் பற்றி, "உட்கார் தம்பி, உன் முறை அடுத்த மாதம் வரும்" என்று சொல்லும் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.