முதுசொம்மும் தேடிய தேட்டமும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவருக்குள்ள சொத்தை மூன்றாகப் பிரித்துக் கூறும். முன்னோர் வழியாக வந்தது முதுசொம். பெண்ணுக்கு மணக்கொடையாகக் கொடுக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் தம் வாழ்நாளில் முயன்று சேர்ப்பது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலே, இவ்வழமைகள் எழுத்திற் பதியப்பெற்றன. காணி பூமி சம்பந்தமாக நம்மவர் இப்பிரிவை எளிதில் மறப்பதில்லை. இரண்டு பரப்புக் காணியாயினும், அது எவ்வழியாக வந்தது, அதில் வில்லங்கம் உண்டா என்று உறுதியை எடுத்துப் பார்த்த பின்னரே கைச்சாத்திடுவர்.

ஆனால், நேயர்களே, நம் உள்ளத்திலே கிடக்கும் நம்பிக்கைகளுக்கு இத்தகைய உறுதியை நாம் என்றேனும் கேட்டதுண்டா? எந்த நாளிற் பிரயாணம் தொடங்கலாம், எவர் வீட்டிலே தண்ணீர் குடிக்கலாம், எந்த உத்தியோகம் கௌரவமானது, எந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்யலாம் என்பனவற்றையெல்லாம் நாம் அறிவு முதிருமுன்னரே பெற்றுவிட்டோம். இவை மட்டுமா? நம்மைப் பற்றி நாமே கொண்டுள்ள அபிப்பிராயங்களும் அவ்வாறு வந்தவையே. 'இவனுக்குக் கணக்கு ஓடாது' என்று திண்ணையில் இருந்தோர் சொன்ன ஒரு சொல், அறுபது வயது வரையும் ஒருவனுடைய சுபாவமாக நின்றுவிடுகிறது. பிறர் சொன்னதென்பது மறந்துபோகிறது. தானே கண்ட உண்மைபோல அவன் அதைத் தன் பிள்ளைக்கும் சொல்லுகிறான்.

முதுசொம்மாக வந்த நம்பிக்கைகளெல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றை உதறியவரெல்லாம் தெளிவு பெற்றவர் என்றும் நாம் கருதவில்லை. ஏற்பது இரவலாக வருவதுபோல உதறுவதும் இரவலாக வரக்கூடும். தந்தையின் சொல்லுக்கு அஞ்சி நம்பியவன், நண்பனின் பரிகாசத்துக்கு அஞ்சி அந்நம்பிக்கையைக் கைவிட்டால், அவன் எசமானை மாற்றினானேயன்றி விடுதலை பெற்றானல்லன். இதனை விளக்குதற்கு ஒருவருடைய வாழ்க்கை நமக்குப் பெரிதும் உதவும்.

காந்தியடிகள் தமது சுயசரிதையை 1925 ஆம் ஆண்டு முதல் 'நவஜீவன்' என்னும் குஜராத்தி வாரப் பத்திரிகையிலே தொடர்ந்து எழுதிவந்தார். அரசியல் வரலாறு ஒன்றையே எதிர்பார்த்து அந்நூலைத் திறப்பவர் வியப்படைவர். ஒரு மனிதன் தன் மனத்தைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்த வழக்கேடாகவே அது பெரும்பாலும் அமைந்திருக்கிறது. அதிலே உணவு பற்றி வரும் பகுதிகளைச் சிலர் முக்கியமற்றவை என்று தள்ளிவிடுகின்றனர். நம் கருத்தின்படி, ஒருவன் தன் நம்பிக்கைகளோடு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவற்றினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

காந்தியடிகள் 1869 ஆம் ஆண்டிலே போர்பந்தரில் வைணவ வணிகர் குடும்பமொன்றிற் பிறந்தவர். சமணர் செல்வாக்கு மிகுந்த குஜராத்திலே, அவர் குடும்பத்தாருக்குப் புலால் என்பது நினைக்கவும் ஒண்ணாதது. ஆகவே மரக்கறி உணவு அவருக்கு முதுசொம்மாக வந்தது. ராஜகோட்டையிற் கல்வி கற்கும் காலத்தில் நண்பன் ஒருவன் வாய்த்தான். ஆங்கிலேயர் இறைச்சி உண்பதாலேயே பலம் பெற்று நம்மை ஆளுகின்றனர் என்பது அவன் போதனை. அவனோ பாம்பைக் கையாற் பிடிப்பதாகச் சொல்பவன். இவரோ விளக்கில்லாமல் உறங்க அஞ்சும் பையன். நாடு விடுதலை பெறவேண்டுமாயின் அனைவரும் புலால் உண்ண வேண்டும் என்று பையன் தீர்மானித்தான். ஆற்றங்கரையிலே மறைவாக ஆட்டிறைச்சி உண்டான். அன்றிரவு முழுவதும் தன் வயிற்றுக்குள்ளே ஆடு ஒன்று கதறுவதுபோல் உணர்ந்து துடித்தான். ஆயினும் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் இவ்விரகசிய விருந்துகள் இடையிடையே நடந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பையன் பழைய நம்பிக்கையை ஆராய்ந்து விட்டவனல்லன். தன்னுடைய அச்சத்தைக் கண்டு நாணினான். அந்த நாணத்துக்கு நண்பன் ஒரு மருந்து சொன்னான். அம்மருந்துக்குத் தேசபக்தி என்ற பெயரையும் சூட்டினான். புலாலை அவன் நிறுத்தியதும் புலாலைப் பற்றிய ஆராய்ச்சியினால் அன்று. வெளியே உண்டுவிட்டு வந்து, 'பசியில்லை' என்று தாயிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அப்பொய்யை அவனாற் பொறுக்க முடியவில்லை. பெற்றோர் இருக்குமட்டும் புலால் வேண்டாம், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

பின்னர் இங்கிலாந்துப் பிரயாணம் வந்தது. கடல் கடப்பது குலாசாரத்துக்கு விரோதம் என்று பம்பாயிலிருந்த சாதித் தலைவர்கள் தடுத்தனர். அவர் இணங்காமையினால் சாதியினின்று விலக்கினர். அவருக்கு உதவுவோருக்கும், கப்பலடியில் வழியனுப்பச் செல்வோருக்கும் ஒரு ரூபாய் நான்கு அணா அபராதம் என்று விதித்தனர். அவர் அஞ்சாமல் 1888 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் தேதி கப்பலேறினார். சாதிக் கட்டளையை மீறிய அதே இளைஞர், மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை எனத் தாய்க்குக் கொடுத்த வாக்கை மட்டும் மீறவில்லை. பட்டினி போன்ற நிலையிலும் மீறவில்லை. ஆங்கில நாட்டிலே நண்பர் ஒருவர் பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டி வாதிட்டபோது, அவர் வாதத்தை எதிர்க்கத் தம்மால் இயலாது என்றும், ஆயினும் வாக்கு வாக்கே என்றும் மறுமொழி கூறினார். அப்பொழுதும் இந்தியர் யாவரும் புலால் உண்ண வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை! கொள்கை ஒரு பக்கம். ஒழுக்கம் மற்றொரு பக்கம். பலருடைய வாழ்க்கை இந்நிலையிலேயே முடிந்துவிடுகிறது.

லண்டனிலே பரிங்டன் வீதியில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றை அவர் கண்டார். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட் என்பவரின் நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிப் படித்தார். அந்நூலைப் படித்த நாள் முதல், தாம் தெரிந்தெடுத்தே மரக்கறி உணவினர் ஆனதாக அவர் எழுதுகிறார். தாய்க்கு வாக்குக் கொடுத்த நாளை அப்பொழுதுதான் அவர் வாழ்த்தினார். இலையிலே இருந்த உணவு மாறவில்லை, உண்பவன் மாறிவிட்டான். முன்பு சொத்துக்குக் காவற்காரனாயிருந்தவன் இப்பொழுது உரிமைக்காரன் ஆனான். முதுசொம்மாக வந்தது தேடிய தேட்டமாயிற்று.

இம்மட்டோடு கதையை நிறுத்திவிட்டால் அது எளிய கதையாகிவிடும். காந்தியடிகளின் பெருமை, அவர் பின்னும் தம்மை விசாரித்துக்கொண்டே சென்றதில் இருக்கிறது. தென்னாபிரிக்காவில், டேர்பன் நகரிலே, 1898 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை அவரே எழுதிவைத்துள்ளார். அவர் வீட்டில் தங்கிய எழுதுவினைஞர்களுள் ஒருவர், பஞ்சமர் எனப்பட்ட குலத்தாருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய அறையிலிருந்த மலசல பாத்திரத்தைத் துப்புரவு செய்யும் வேலை கஸ்தூரிபாய்க்கு வந்தது. அம்மையாரால் அதைச் சகிக்க முடியவில்லை. ஆயினும் கண்ணீர் வடித்தவாறே பாத்திரத்தைச் சுமந்து படியிறங்கினார். கணவருக்கு அது போதவில்லை. அவ்வேலையை முகமலர்ச்சியுடன் செய்ய வேண்டும் என்று உரத்துக் கோபித்தார். சொல் முற்றவே, மனைவியின் கையைப் பற்றி வெளியே தள்ளுவதற்காக வாயிற்கதவு வரையும் இழுத்துச் சென்றார். அந்நிய நாட்டிலே பெற்றோருமற்ற தான் எங்கே போவது, உமக்கு வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்டபின்னரே அவருக்கு அறிவு தெளிந்தது. நாணித் தலைகுனிந்து கதவைச் சாத்தினார்.

தீண்டாமை பொய் என்பதில் அவர் கொண்ட கருத்துச் சரியானதே. அதில் ஐயமில்லை. ஆனால் அன்று அவரை இயக்கியது அக்கருத்து மட்டுமன்று. கணவன் ஆசிரியன், மனைவி மாணாக்கி. கணவன் எண்ணியதை மனைவியும் எண்ண வேண்டும் என்னும் மற்றொரு முதுசொம், ஆராயப்படாமலே அவருள் இருந்தது. ஒரு பழைய நம்பிக்கையை உடைப்பதற்கு அதனினும் பழைய நம்பிக்கையொன்றை அவர் ஆயுதமாக எடுத்தார். சீர்திருத்தம் பேசுவோர் இதனை நெஞ்சில் எழுதிவைத்தல் நன்று. கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வந்து, தேநீர் சுணங்கியது என்று வீட்டிலே சீறுபவருக்கு இக்கதவடிக் காட்சி நினைவிலிருக்க வேண்டும்.

இனி ஆட்டுப்பாற் கதை. பசுக்களுக்கும் எருமைகளுக்கும் பாற்காரர் செய்யும் கொடுமையை அறிந்தும், வேறு காரணங்கள் பற்றியும், 1912 ஆம் ஆண்டிலே காந்தியடிகள் பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டார். 1918 ஆம் ஆண்டிலே வயிற்றுளைவினால் மரணத்தின் வாயிலுக்குச் சென்றார். உடல் தேறப் பால் வேண்டும் என்றார் வைத்தியர். விரதம் பசுவின் பாலையும் எருமைப் பாலையும் எண்ணிச் செய்யப்பட்டதுதானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபாய் கேட்டார். காந்தியடிகள் ஆட்டுப்பாலை அருந்தினார், பிழைத்தார். வேறொருவராயின் சொல்லுக்குப் பழுதில்லை என்று அமைதி அடைந்திருப்பர். அவரோ, விரதத்தின் எழுத்துக் காக்கப்பட்டது, உயிர் கொல்லப்பட்டது என்று பொருள்பட எழுதினார். சத்தியாக்கிரகத்தை நடத்துவதற்காக உயிர் வாழவேண்டும் என்ற ஆசையே தம்மை வென்றது என்று, தம் நோக்கத்தின் பெயரையும் மறையாமற் கூறினார். பாலை விட முடியாவிட்டாலும், தம்மை ஏமாற்ற அவர் ஒப்பவில்லை.

இப்பெரியார் 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே இலங்கைக்கு வந்தார். மாணவர் காங்கிரசின் அழைப்புக்கிணங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கூட்டங்கள் கூடின; கதர் நிதிக்குப் பணம் சேர்ந்தது. சாதி வேற்றுமைக்கு எதிராக அக்கால இளைஞர் செய்த தொண்டு போற்றத்தக்கது. ஆனால் கைதட்டிக் கேட்டது வேறு, உள்ளத்தை விசாரித்தது வேறு என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதினோராண்டு கழித்து, 1968 ஆம் ஆண்டிலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் உட்சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. வாயிலை மறித்து நின்றோர் யாவரும் இயல்பிலே கொடியவர் என்று நாம் எண்ணவில்லை. தம் முதுசொம்மைக் காப்பதாகவே அவர்களுட் பலர் எண்ணியிருப்பர். அதன் உறுதியை எடுத்துப் படிக்க அவர்கள் முன்வரவில்லை.

ஆகவே நம் நம்பிக்கை ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று வினாக்களைக் கேட்பது பயன்தரும் என்பது நம் எண்ணம்.

முதலாவது: இது எவ்வழியாக என்னிடம் வந்தது? தாய் சொன்னதா, ஊர் சொன்னதா, நூல் சொன்னதா, நானே கண்டதா? வழி தெரிந்துவிட்டால் நம்பிக்கை பொய்யாகிவிடாது. ஆனால் ஆராய்ச்சியை எங்கே தொடங்கலாம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது: இதைப் பற்றிக்கொள்வதற்கோ விட்டுவிடுவதற்கோ என்னைத் தூண்டுவது எது? அன்பா, அச்சமா, பெருமையா, சோம்பலா? மகன் வைத்தியனாக வேண்டும் என்று தந்தை விரும்புவது நோயாளருக்கு இரங்கியோ, அயலவர் முன்னிலையில் நிமிர்ந்து நடப்பதற்கோ? பிள்ளைக்கும் இவ்வினா உரியதே. புத்தகத்தை ஏன் திறக்கிறோம் என்று அறிந்த மாணவன் பரீட்சையிலே ஒருமுறை தவறினும் மறுமுறை எழுந்து நிற்பான். பிறருடைய ஆசையைச் சுமந்து படித்தவனுக்கோ, தவறியபின் எழுவதற்குத் தன்னுடையதான காரணம் ஒன்றும் மிஞ்சியிராது.

மூன்றாவது: என் நம்பிக்கைக்குரிய விலையை யார் கொடுக்கிறார்? இதுவே மூன்றினும் கடுமையான வினா. காந்தியடிகள் உப்பையும் பாலையும் விட்டபோது விலை கொடுத்தவர் பெரும்பாலும் தாமே. டேர்பனிலே விலை கொடுத்தவர் கஸ்தூரிபாய். சாதகத்திலே செவ்வாய் என்று சொல்லிச் சம்பந்தத்தைத் திருப்பிவிடுகிறோம். விலை கொடுப்பவள் முப்பத்தைந்து வயதாகியும் வீட்டிலிருக்கும் பெண். சீதனம் குடும்பத்துக்குக் கௌரவம் என்கிறோம்; விலை கொடுப்பவன் தங்கைமாரைக் கரையேற்றுவதற்காகத் தன் இளமையை அந்நிய நாட்டிலே கழிக்கும் அண்ணன். நம் கையிலிருந்து ஒரு சதமும் செலவாகாத நம்பிக்கையை நாம் உறுதியுடன் காப்பது அரிய செயலன்று.

இவ்வினாக்களைக் கேட்டபின் சில நம்பிக்கைகள் உதிரும். சில முன்னிலும் உறுதியாக வேரூன்றும். கோயிலுக்குச் செல்பவர் தொடர்ந்து செல்லலாம். ஆனால் யார் பார்ப்பார் என்ற எண்ணமின்றிச் செல்வார். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர் தொடர்ந்து உண்ணலாம். ஆனால் பேரப்பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் அதட்டாமல் மறுமொழி சொல்வார். அந்த 'ஏன்' என்பதை நாம் மரியாதைக் குறைவென்று கருதுதல் ஆகாது. முதுசொம் காணியைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்குமுன் எல்லைக் கதியால்களைச் சுற்றிக் காட்டுவதில்லையா? நம்பிக்கையைக் கொடுக்கும்போதும் அதன் எல்லையையும் வில்லங்கத்தையும் சேர்த்துக் காட்டுவோம். அதை வைத்துக்கொள்வதா, விற்பதா, திருத்திப் பயிரிடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.