பத்து விரலும் ஒரு பிளைவுட் பட்டையும்

அலமாரி வேலை நடக்கும் வீடுகளில் பல இடங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கை மெஷின் ரம்பத்தைத் தலைகீழாக ஒரு பலகைக்கு அடியில் முடுக்கியிருப்பார்கள். பிளேடு மேலே துருத்திக்கொண்டிருக்கும். பாதுகாப்பு மூடி இருக்காது. எட்டடி பிளைவுட்டை அதன் மேல் தள்ளித் தள்ளி அறுப்பார்கள். எதற்கு இந்த விபரீதம்? அறுப்பு நேராக வரணும், அகலம் ஒரே மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்!

அதற்கு விரலைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை. மிச்சம் விழுந்த துண்டுகளில் ஒரு கைடு செய்துகொள்ளலாம். 6 மி.மீ. பிளைவுட்டை அடிப்பலகையாக வைத்து, அதன் மேல் 12 மி.மீ. பட்டை ஒன்றை பெவிகால் போட்டு ஸ்குரூ அடிக்க வேண்டும். ஃபாக்டரியில் அறுத்த நேரான ஓரம் மெஷின் பக்கம் இருக்கட்டும். காய்ந்ததும் மெஷினைப் பட்டையோடு ஒட்டி ஒருமுறை ஓட்டினால், அடிப்பலகையில் உபரியாக இருப்பது அறுந்து விழும். இனி அந்த ஓரம்தான் பிளேடு போகும் வழி. பென்சில் கோட்டில் அதை வைத்து, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு அறுக்க வேண்டியதுதான். ஓரம் அழுத்திப் பிடிப்பதால் மேல் வெனீரும் அவ்வளவாகப் பிய்யாது.

ஒரே அகலத்தில் பல துண்டு வேண்டுமா? கைடின் இரு முனையிலும் பின்பக்கம் நீளும்படி இரண்டு ரீப்பர், அவற்றின் நுனியில் கீழ்நோக்கி ஒவ்வொரு கட்டை. அறுக்கும் ஓரத்திலிருந்து இரண்டு கட்டைக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும். கட்டைகள் பலகை ஓரத்தில் முட்டி நின்றால் அகலம் தானாக அமையும். ஒவ்வொரு தடவையும் டேப் பிடிக்கும் வேலை இல்லை.

ஒரு கணக்கு மட்டும் மறக்கக் கூடாது. 48 அங்குலப் பலகையில் 12 அங்குலத் துண்டு நான்கு வராது! பிளேடு 2.5 மி.மீ. தின்றால், மூன்று அறுப்பில் 7.5 மி.மீ. போச்சு. கடைசித் துண்டு கிட்டத்தட்ட இரண்டு நூல் குறையும்.

"கடையிலேயே பெரிய மெஷினில் அறுத்துத் தருவார்களே" என்பார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டுச் சுவர் எதுவும் மட்டமாக இருப்பதில்லை. கடைசி ஒரு நூலை அங்கேயேதான் அறுத்தாக வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூலி சதுர அடிக் கணக்கு. எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. மூடியைக் கழற்றினால் வேகம் கூடும் என்றால் யார்தான் கழற்ற மாட்டார்கள்? கைடு செய்ய ஆகும் அரை நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை. இத்தனைக்கும் ஒருமுறை செய்தால் பல வீட்டு வேலைக்கு உழைக்கும். வணிகவியல் பாஷையில் சொன்னால் அது செலவே அல்ல, முதலீடு.

அடுத்த தடவை ஆசாரியிடம் ரேட் பேசும்போது பத்து ரூபாய் குறைக்கப் பார்க்காமல், அந்த அரை நாளையும் சேர்த்துப் பேசுங்களேன். அலமாரி நேராக வரும். ஆசாரியின் விரலும் பத்தாகவே இருக்கும்.